இன்று பொட்டு, நாளை மறுநாள் கை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெருமை பீற்றிக்கொள்ளும் குறிப்பு. கொல்கத்தாவுக்கு வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் நான் ஊருக்கு எழுதியதெல்லாம் மழை பெய்து தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற கதை, குளிரில் இட்லி மாவு பொங்காத கதை என்று புலம்பல்தான். இந்த ஒரு தடவை நான் ஜெயித்த கதையைச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் டாலிகஞ்சில் எங்கள் மேக்கப் சங்கத்தில் என் அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். இந்த அட்டை இல்லாமல் எந்த ஸ்டூடியோவின் கேட்டுக்குள்ளும் மூக்கை நீட்ட முடியாது. பழைய அட்டையில் ரேவதி என்ற என் பெயருக்குக் கீழே 'ஹெல்பர்' என்று இருந்தது. புதியதில் 'மெஹந்தி ஆர்ட்டிஸ்ட்' என்று இருக்கிறது. போட்டோ மட்டும் பழையதேதான், எட்டு வருஷத்துக்கு முந்தைய எலும்புக் கன்னத்தோடு. பிறந்த ஊரும் மாறவில்லை. முதல் அட்டை வாங்கிய அன்றைக்குக் கிளார்க்கிடம் மூன்று தடவை கோவில்பட்டி என்று சொன்னேன். அது மெட்ராஸில் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெற்கே என்றேன். 'சவுத் மெட்ராஸ்' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். கோவில்பட்டிக்காரர்கள் மன்னிக்கவும், அதைத் திருத்த வேண்டுமென்றால் நான்கு படிவம் நிரப்ப வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, எனக்கு ஒரு படி ஏற பன்னெண்டு வருசம் ஆச்சு. நீ ஒரு இலைய அரைச்சு ஏறிட்டியே!"

அவர் சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் நடந்தது அதுவேதான்.

2

நான் வேலை செய்வது வங்காள சீரியல்களில். கதையில் ஒரு நாளில் முடிகிற கல்யாணம் டிவியில் இரண்டு வாரம் ஓடும். படம் பிடிக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவும் வரிசையாக இல்லை. தாலி கட்டுவதற்குச் சமமான குங்குமம் வைக்கிற காட்சியை இன்றைக்கு எடுப்பார்கள், அதற்கு முந்தைய மஞ்சள் பூசுகிற காட்சியை அடுத்த வியாழக்கிழமை எடுப்பார்கள். அத்தனை நாளும் மணப்பெண்ணின் கையில் அதே கொடி, அதே பூ, அதே நிறம் இருந்தாக வேண்டும். ஓர் இலை இடம் மாறினாலும் மறுநாள் போனில் படமெடுத்துப் போட்டுக் கிண்டல் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நிஜ மருதாணி இந்த வேலைக்கு ஒத்துவராது. முதல் நாள் ஆரஞ்சாக இருக்கும், மறுநாள் சிவக்கும், அடுத்த நாள் இன்னும் கருக்கும், பிறகு திட்டுத்திட்டாகப் போகும். அதனால் எல்லோரும் கறுப்புக் கோன் வாங்குவார்கள். இருபது நிமிஷத்தில் கன்னங்கரேலென்று பிடித்துக்கொள்ளும். எனக்குக் கைப்பழக்கம் உண்டு. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாங்காய்க் கொடியை மூச்சு விடாமல் இழுத்துவிடுவேன்.

ஊரில் மருதாணி என்றால் சனிக்கிழமை சாயங்காலம். என் அக்காமார் இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு லீவு. சனிக்கிழமை சம்பளக் கவரோடு வரும்போதே ஒரு பை நிறைய இலையும் பறித்து வருவார்கள். ஒரு கொட்டைப்பாக்கு, அரை மூடி எலுமிச்சை சேர்த்து அம்மியில் அரைத்து, உள்ளங்கையில் ஒரு வட்டம், விரல்களுக்கு ஐந்து தொப்பி. விடியும்வரை கையை விரித்துக்கொண்டு கிடக்க வேண்டும், மூக்கு அரித்தால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். சின்னக்காவுக்கு ரத்தமாகப் பிடிக்கும். பித்த உடம்பு என்று கேலி செய்வார்கள். எனக்குக் கேசரி நிறத்துக்கு மேல் ஏறியதே இல்லை.

அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: மருதாணி குளிர்ச்சி, அது யாரையும் ஒன்றும் செய்யாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வெயில் சுடும் என்பது போல அது எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

3

பியாலிக்கு இருபத்திரண்டு வயது. பர்தமான் பக்கத்துப் பெண், லேக் கார்டன்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கதாநாயகியாக அவளுக்கு இது முதல் சீரியல். கல்யாணக் காட்சிகளின் இரண்டாம் நாள் காலை, மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்ததுமே முன்கையைச் சொறிந்தாள். வங்காளத்தில் அவள் பேசியதை நம் பேச்சில் தருகிறேன். 'தி' என்றால் அக்கா.

"ரேவதிதி, ராத்திரியிலேர்ந்து கை அரிக்குது. லேசா சுடுது."

"அது லைட்டு சூடு, பியாலி. மருதாணி குளிர்ச்சிதானே. இன்னொரு தரம் மேல போட்டா அடங்கிடும்."

சொறிந்ததில் கொடி இரண்டு இடத்தில் மங்கியும் இருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டு, அரித்த கோடுகளின் மேலேயே அதே கறுப்பை இன்னொரு முறை இழுத்தேன். மூன்றாம் நாளும் இழுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் அவள் ஸ்லீவை உயர்த்தியபோது என் கொடி முழுவதும் கொப்புளமாக எழும்பி நின்றது. எந்த இலையை எங்கே வளைத்தேனோ அந்த இலை அங்கேயே நீர் கோத்திருந்தது. நான் வைத்த புள்ளிகள்கூடத் தனித்தனியாக வீங்கியிருந்தன. யார் போட்டது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் கை வேலை அப்படியே தெரிந்தது. பவுடர் டப்பாவைக் கீழே போட்டேன்.

"அந்த மட்ராஸி ஹெல்பர் என்னத்தைப் பூசினா?" என்று புரொடக்ஷன் மேனேஜர் வராந்தாவில் நின்று கத்தினார்.

பகலுக்குள் இரண்டு விஷயம் முடிவானது. என் அட்டை நிறுத்திவைக்கப்பட்டது, விசாரணை வரைக்கும் நான் ஸ்டூடியோவுக்குள் வரக்கூடாது. பியாலிக்குப் பன்னிரண்டு நாள் அவகாசம், அதற்குள் கை சரியாகாவிட்டால் வேறு பெண். சீரியலில் ஆள் மாற்றுவது சுலபம். ஒரு கார் விபத்து, முகத்தில் கட்டு, கட்டைப் பிரித்தால் புது முகம். இரண்டு பெண்களின் போட்டோ அன்றைக்கே வந்துவிட்டது என்று எங்கள் மேக்கப் தலைவர் போல்டுதா ('தா', 'தாதா' என்றால் அண்ணன்) எனக்குப் போன் செய்து சொன்னார். என் பிழைப்பும் அந்தப் பெண்ணின் வேடமும் அவளுடைய ஒரு முன்கையில் தொங்கின.

4

"போனாப் போவுது, பழைய பார்லர் வேலைக்கே திரும்பப் போ" என்றார் வீட்டுக்காரர். ஆறுதல்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது.

என் மகள் கயல் பதினொன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவளுக்கு மருதாணி வைத்து அனுப்பினேன். உடம்பு சரியில்லையா, பீட்ரூட் தின்றாயா என்று பிள்ளைகள் கேட்டார்களாம். அந்த வாரம் முழுக்கக் கையை மடக்கி வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகு நம் மருதாணி பக்கமே வரவில்லை. பேச்சும் பாதிக்குப் பாதி வங்காளமாகிவிட்டது. அவள் என் பையிலிருந்து கோன் டப்பாவை எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"மா, இதுல கீ கீ இருக்குன்னு எங்கயும் லேகா நேய்."

என்னென்ன கலந்திருக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை என்கிறாள். ஒரு பூப் படமும் ஓர் ஒட்டகப் படமும்தான் இருந்தன.

"நீயே போலோ மா, சொல்லு. எந்த இலை இருபது நிமிஷத்துல கறுப்பாகும்?"

டப்பாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். விடியும்வரை கையை விரித்துக்கொண்டு கிடந்தவள் நான். கேசரி நிறத்துக்கு மேல் ஏறாத கை என்னுடையது. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் பியாலியைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கோனையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். டோக்கன் வாங்க ஒரு வரிசை, டோக்கனில் முத்திரை வாங்க இன்னொரு வரிசை. உள்ளே போனதும் பேஷண்டுக்கு நீங்கள் என்ன உறவு என்று டாக்டரம்மா கேட்டார். "இதைப் போட்டவ நான்தான்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

கோனை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல மருதாணி பேருக்குத்தான் இருக்கும். கறுப்பு வர்றதுக்காகத் தலைச்சாயத்துல போடற கெமிக்கலைக் கலக்கறாங்க. அது தோல்ல கோலம் போடறதுக்கு இல்ல. இதுக்கு முன்னாடி எப்பவாவது போட்டிருக்கியாம்மா?"

போட்டிருந்தாள். போன வருஷம் ஒரு நடனக் காட்சிக்கு. அப்போது ஒன்றும் ஆகவில்லை.

"அப்பவே உடம்பு அதை அடையாளம் பார்த்து வெச்சிருக்கும். ரெண்டாவது தடவை வந்ததும் சண்டைக்கு வந்துடுச்சு. இனிமே ஆயுசுக்கும் தலைச்சாயம் பக்கம் போகாதே. போனா முகமே வீங்கிடும்." பிறகு என்னிடம் திரும்பினார். "அரிக்குதுன்னு சொன்னப்பவே கழுவி நிறுத்தியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

பின்னால் முறையாகச் சோதனை செய்து அந்த ரசாயனம்தான் என்று உறுதியும் செய்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். பியாலி மருந்துச் சீட்டால் கையை விசிறிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சா செஞ்சே?"

"இல்ல பியாலி. யோசிக்காம செஞ்சுட்டேன்."

"அப்போ அழாதே, ரேவதிதி. என் வேஷத்தைக் காப்பாத்திக் குடு."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி டாக்டரின் அறைக்குள் போனேன். நர்ஸ் திட்டினார். வெறும் இலையை அரைத்துப் போடலாமா என்று கேட்டேன். வெறும் இலை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனாலும் இந்தப் பெண்ணின் தோலை நம்பாதே என்றார் டாக்டரம்மா. கை அடங்கின பிறகு, நன்றாக இருக்கிற ஓர் இடத்தில் ஒரு பொட்டு மட்டும் வைத்து, இரண்டு நாள் முழுசாகப் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்.

5

டாக்குரியாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் வேலி மருதாணிச் செடிதான். எட்டு வருஷமாக அதை ஒட்டியே நடந்து வேலைக்குப் போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் வழி மறித்தார்.

"அது ரயில்வே சொத்து."

"இலைங்க."

"இலைன்னாலும் சொத்துதான். நான் அரசாங்க ஊழியன்."

மனிதர் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். வேலியில் அளவுக்கு மீறி வளர்ந்த கிளைகளைச் சொந்த முயற்சியில் அகற்ற அனுமதி கோரி, இரண்டு பிரதி. கையெழுத்தாகி வர நான்கு நாள் ஆனது. நல்லவேளை, கொப்புளம் அடங்கவும் அந்த நாட்கள் தேவைப்பட்டன. காகிதம் வந்த அன்றைக்கு இலை பறித்தவரும் அவரேதான், டிபன் பையில், ஆபீஸ் சட்டையோடு.

கொட்டைப்பாக்கைப் போட்டதும் மிக்ஸி அலறியது. மாடி வீட்டு அம்மாவை நாங்கள் காக்கிமா என்று கூப்பிடுவோம், சித்தி மாதிரி. அவரிடம் அம்மிக்கல் கடன் வாங்கினேன். கடுகு அரைக்கிற கல் பச்சையாகிவிட்டது என்று அவர் இரண்டு நாள் முணுமுணுத்தார். அரைத்ததில் ஒரு துளி எடுத்துப் போய், பியாலியின் இடது மேற்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்தேன்.

அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டதாக நினைவில்லை. மூன்றாம் நாள் லேக் கார்டன்ஸுக்கு ஆட்டோவில் போனேன். பியாலி கதவைத் திறந்ததும் ஸ்லீவைத் தூக்கினாள். கேசரி நிறத்தில் ஒரு பொட்டு. சுற்றிலும் சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. அந்தப் பொட்டை நான் முத்தமிட்டேன், அவள் கூச்சத்தில் கத்தினாள்.

மறுநாள் விசாரணை. சங்க அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரமாகப் போல்டுதா. நான் என் தப்பை முதலில் சொன்னேன், அரித்த பிறகும் போட்டதையும் சேர்த்து. அது அவர்கள் ஃபைலிலேயே இல்லை, போல்டுதா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் இரண்டு உள்ளங்கையையும் மேசை மேல் மலர்த்தி வைத்தேன். மூன்று நாளுக்கு முன் அதே விழுதில் வைத்துக்கொண்ட வட்டமும் தொப்பிகளும், கேசரியைத் தாண்டாத என் கையில்கூட நன்றாகச் சிவந்திருந்தன.

"இது நாளுக்கு ஒரு நிறம் காட்டுமே," என்றார் போல்டுதா. "பன்னெண்டு நாள் ஷூட்டிங்குக்கு எப்படித் தாங்கும்?"

"மூணு நாள் முன்னாடியே வெச்சுடுவேன், தாதா. கேமரா முன்னாடி வரும்போது நிறம் நின்னிருக்கும். நாலு நாளுக்கு ஒரு தரம் அதே இடத்துல மறுபடி வைப்பேன். கொடிய ரெண்டாம் தரம் அச்சா போட யாராலயும் முடியாது. வட்டத்தை யார் வேணா அதே இடத்துல வைக்கலாம். முன்கைக்கு முழு ஸ்லீவ் ஜாக்கெட் போதும். ஏற்கெனவே எடுத்ததுல கொடி தெரியற ஷாட்டை மட்டும் திரும்ப எடுத்துக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடடா! இது எங்கம்மா கையில ஆல்தா இருந்த மாதிரியே இருக்கு."

ஆல்தா என்பது இங்கே சுமங்கலிகள் பூசிக்கொள்ளும் சிவப்பு. அவர்களும் உள்ளங்கையில் வட்டம்தான் போடுவார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேருக்கும் அம்மா இருந்தார்கள். அட்டை திரும்பி வந்தது.

முதல் தடவை முழுக் கையும் வைக்க உட்கார்ந்தபோது பியாலி கையை நீட்டினாள். நான் தொட்டதும் அவள் விரல்கள் தானாக மடங்கின. அவளே ஒவ்வொன்றாக விரித்து என் மடியில் வைத்தாள். அந்த நம்பிக்கைக்கு நான் என்ன திருப்பிக் கொடுத்துவிட முடியும்? ஒவ்வொரு விரலாக, அவசரப்படாமல் வைத்தேன்.

வங்காளக் கல்யாணத்தில் மணப்பெண் இரண்டு வெற்றிலையால் முகத்தை மூடிக்கொண்டு வருவாள். வெற்றிலையை இறக்கும்போதுதான் மாப்பிள்ளை அவள் கண்ணைப் பார்ப்பான். அந்த ஷாட்டில் திரை முழுக்கப் பச்சை வெற்றிலை, அதைப் பிடித்த பத்துச் சிவந்த விரல் நுனி. வெற்றிலை இறங்கியது. டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். சொன்ன பிறகு, இன்னொரு டேக் வேண்டாம் என்றார். எந்தக் காட்சியையும் ஐந்து தடவை எடுக்கிற மனிதர் அவர். நான் லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைக்காமல் அழுதேன். அதற்குப் பிறகு பியாலியை மாற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. முன்கையில் வெளுத்த கொடி தெரியாமல் மறைய மட்டும் மாதக்கணக்கானது.

6

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு பீற்றிக்கொள்ள மாட்டேன். கதை எழுதுகிறவர் ஒரு நாள் போல்டுதாவிடம் அந்தப் பொட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவர் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். சீரியல் எழுதுகிறவர்களுக்கு எதுவும் வீணாகாது. அதுவரை வரப்போகிற மருமகளைப் படாத பாடு படுத்திய மாமியார், கல்யாணத்துக்கு முந்தையதாகப் பின்னால் எடுத்துச் சேர்த்த ஒரு காட்சியில் பெண்ணின் மேற்கையில் ஒரு மருதாணிப் பொட்டு வைத்துச் சொன்னாள்: "இன்னிக்குப் பொட்டு, நாளன்னிக்குக் கை. என் வீட்டுக்கு வர்ற பெண்ணோட தோல் ஒரு இடத்திலும் நோகக் கூடாது." நான் வைத்த சோதனையை ஒரு சடங்காக்கிவிட்டார்கள். சங்கு வேறு ஊதினார்கள். ஊரிலுள்ள மாமியார்கள் எல்லாம் அழுதார்களாம்.

இந்தத் துர்கா பூஜைக்கு எங்கள் தெருமுனையில் உட்காரும் மெஹந்திக்காரனிடம் நாலு பெண்கள் வந்து, முதலில் பொட்டு வை என்று சண்டை பிடித்தார்கள். கறுப்புக் கோன் பெட்டி ஸ்டூலுக்கு அடியில் போய்விட்டது. ஒரு கிண்ணத்தில் அரைத்த இலை வைத்திருக்கிறான்.

நேற்று கயல் இரண்டு தோழிகளோடு வந்து, மா, எங்களுக்கு வட்டம் வையேன் என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மாடியிலிருந்து காக்கிமா இறங்கி வந்தார். கையில் அந்தப் பச்சையேறிய கல்லும் ஒரு கிண்ண விழுதும்.

"அப்படி உடனே வைக்கக் கூடாது. நில்லுங்க," என்று மூன்று பெண்களையும் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொரு மேற்கையிலும் ஒரு பொட்டு வைத்தார். "இன்னிக்குப் பொட்டு, நாளன்னிக்குக் கை. எங்க பாட்டி காலத்திலேர்ந்து வர்ற வழக்கம் இது." பிறகு என்னைப் பார்த்து இரக்கத்தோடு கேட்டார்: "உங்க மட்ராஸ் பக்கம் இதெல்லாம் கிடையாது, இல்ல ரேவதி?"

கயல் வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"கிடையாது, காக்கிமா. எங்க ஊர்ல இதெல்லாம் யாருக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டு, ஸ்லீவை மேலே ஏற்றி என் கையையும் நீட்டினேன். "எனக்கும் ஒண்ணு வைங்க."